யாருடைய பொழுது: பெங்களூரின் உழைப்பறமும் மனிதர் கூடுதலும்

பிறருக்காக நேரம் ஒதுக்க வேண்டும் என்னும் அறிவுரை, நேரம் என்பது ஒவ்வொருவருடைய கைப்பொருள் என்றும், அதை அவரவர் விருப்பப்படி பங்கிட்டுக்கொள்ளலாம் என்றும் முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டுதான் தொடங்குகிறது. கைபேசியும் மடிக்கணினியும் வாழ்க்கையை ஆட்கொண்டுவிட்ட காலத்தில் மனித உறவுகள் நலிந்துவருகின்றன என்று கவலைப்படுவோரில் பலரும் இந்த முடிவை ஆராயாமலே ஏற்றுக்கொண்டு, திரைக்குச் செலவாகும் மணிகளில் சிலவற்றை மீட்டு வீட்டாருக்கும் நண்பருக்கும் கொடுத்துவிட்டால் குறை தீர்ந்துவிடும் என்கின்றனர். சமய மரபுகள் இக்கேள்வியை வேறு முனையிலிருந்து அணுகின. ஒரு மனிதர் மற்றொருவருக்குக் கடமைப்பட்டவர் என்பதிலிருந்து அவை தொடங்கின; பொழுது யாருடையது என்பது அதற்குப் பின்னரே எழுந்த கேள்வி. தென்னிந்தியாவில் இந்த இரண்டு அணுகுமுறைகளும் நேருக்கு நேர் மோதும் ஊர் என்று பெங்களூரைச் சொல்லலாம். உழைப்பை வழிபாட்டின் நிலைக்கு உயர்த்திய பழைய சமயச் சிந்தனை ஒன்று அந்நகரின் பொதுப்பேச்சில் இன்றும் புழங்குகிறது. பூமியின் மறுபக்கத்துக் கடிகாரத்துக்கு ஏற்ப உழைக்கும் தொழில்துறையும் அங்கேயேதான் வேரூன்றியிருக்கிறது.

அத்தொழில்துறையின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் நினைவுகூர்வது தேவை. விடுதலையை ஒட்டிய பத்தாண்டுகளில் பெங்களூரின் முகத்தை மாற்றியவை பெரும் பொதுத்துறை ஆலைகள்: 1940 இல் தொடங்கிய எச்.ஏ.எல்., 1948 இல் வந்த ஐ.டி.ஐ., 1953 இல் எச்.எம்.டி., 1954 இல் பி.இ.எல். தமிழ்நாட்டிலிருந்து சென்ற பல்லாயிரம் குடும்பங்கள் இவற்றின் ஊழியர் குடியிருப்புகளில் வாழ்ந்தன. ஆலைச் சங்கு ஊதியதும் ஒரு தெருவே வேலைக்குக் கிளம்பியது, அதே தெரு ஒன்றாக வீடு திரும்பியது. அந்த வாழ்க்கையைப் பொற்காலமாக்கத் தேவையில்லை. ஆயினும் உழைப்பும் ஓய்வும் அண்டைவீட்டாருக்குப் பொதுவாக இருந்தன என்பது அதன் அமைப்பிலேயே அடங்கியிருந்தது. 1970களின் பிற்பகுதியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் ஓசூர் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டியை உருவாக்கத் தொடங்கியது; புனேயில் பிறந்த இன்போசிஸ் 1983 இல் பெங்களூருக்கு இடம்பெயர்ந்தது; 1985 இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இங்கே மையம் ஒன்றை நிறுவி, செயற்கைக்கோள் இணைப்பு வழியாக வடிவமைப்புத் தரவுகளை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அதிலிருந்து நகரின் ஒரு பகுதியினருக்குப் பொழுது வேறு திசையில் விடியத் தொடங்கியது. கலிபோர்னியாவில் காலை ஒன்பது மணிக்குக் கூட்டம் தொடங்கினால், கோடையில் பெங்களூரில் இரவு ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. வெளிவட்டச் சாலையை ஒட்டிய அடுக்ககங்களில் கணவர் ஓர் அறையிலும் மனைவி மற்றோர் அறையிலும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு வெவ்வேறு கண்டங்களோடு பேசிக்கொண்டிருக்க, சாப்பாட்டு மேசையில் குழந்தை தனியாகக் கைபேசியைப் பார்த்தபடி உண்ணும் காட்சி அங்கே புதுமையன்று. ஒரு நாளில் எட்டு மணி நேர உழைப்பு மட்டுமே விலைபோயிருந்தால் எஞ்சிய மணிகளைக் கொண்டு சமாளித்துவிடலாம். விலைபோனது வீட்டார் ஒன்றுகூடும் வேளை. அதை எஞ்சிய மணிகள் ஈடுசெய்வதில்லை, ஏனெனில் பிற்பகல் மூன்று மணிக்கு ஒருவருக்கு ஓய்வு கிடைக்கும்போது அவருடன் உட்கார வேறு எவருக்கும் ஓய்வில்லை.

இந்த நிலைக்குச் சமய நியாயம் ஒன்றும் உடன்வருகிறது என்பது கவனிக்கத்தக்கது. 1956 இல் கட்டி முடிக்கப்பட்ட விதான சௌதாவின் முகப்பில், அரசுப் பணி தெய்வப் பணி என்னும் பொருளுடைய கன்னட வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. அதைவிடப் பழையதும் அடிக்கடி மேற்கோளாவதும் உழைப்பே கைலாசம் என்னும் வீரசைவக் கருத்து. 12 ஆம் நூற்றாண்டில், இன்று பசவகல்யாண் எனப்படும் கல்யாண நகரில் பசவண்ணர், அல்லமப் பிரபு, அக்க மகாதேவி முதலியோரைச் சூழ்ந்து உருவான சிவசரணர் இயக்கம், ஒவ்வொருவரும் தம் கையால் செய்யும் நேர்மையான தொழிலைக் ‘காயகம்’ என்று அழைத்து, அதுவே வழிபாடு என்று கூறியது. படகோட்டி, சலவைத் தொழிலாளி, கயிறு திரிப்பவர், தோல் பதனிடுபவர் ஆகியோர் ‘வசனம்’ எனப்படும் கன்னட உரைப்பாக்களை இயற்றி, அனுபவ மண்டபம் என்னும் கூட்டத்தில் அமைச்சரான பசவண்ணரோடு சரிசமமாக அமர்ந்து விவாதித்தனர் என்பது மரபு. அம்மண்டபத்தைப் பற்றிய செய்திகள் பலவும் 15 ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘சூன்ய சம்பாதனை’ போன்ற பிற்கால நூல்களிலிருந்து வருபவை என்பதால் அதன் வரலாற்று உருவம் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. வசனங்களின் சிந்தனையை அந்த வேறுபாடு பாதிப்பதில்லை.

காயகத்தைப் பற்றிய வசனங்களில் மிகக் கடுமையானது ஆய்தக்கி மாரய்யாவினுடையது. சிந்திக்கிடக்கும் அரிசியைப் பொறுக்கி எடுத்து வந்து அடியார்க்கு அமுது படைப்பதே அவருடைய காயகம். உழைப்பில் ஈடுபட்டிருப்பவர் குருவைக் காண்பதையும் இலிங்க வழிபாட்டையும் மறந்துவிட வேண்டும், ‘ஜங்கமர்’, அதாவது ஊர் ஊராகச் செல்லும் சிவனடியார், எதிரே வந்து நின்றாலும் அந்தக் கடப்பாட்டை அறுத்துக்கொள்ள வேண்டும் என்கிறார் அவர். வாசலில் வந்து நிற்கும் மனிதரைவிடக் கையிலுள்ள வேலை பெரிது என்று இதற்குப் பொருள் கொண்டால், இன்றைய அலுவலகச் சுவரில் ஒட்டிவைக்க இதைவிடப் பொருத்தமான வாக்கியம் கிடைக்காது. அப்படி ஒட்டிவைப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் மாரய்யா தனியாக வருபவர் அல்லர். அவருடைய மனைவி லக்கம்மாவும் வசனம் இயற்றியவர், இருவரில் கூர்மை மிக்கவர் என்று கருதவும் இடமுண்டு. மரபு இவ்விருவரைப் பற்றி இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறது. ஒரு நாள் மாரய்யா சரணர்களோடு பேசிக்கொண்டிருந்ததில் தம் காயகத்தை மறந்துபோனார். உம் வேலை நின்றுபோயிற்று, எழுந்து போம் என்று லக்கம்மா அவரை அனுப்பிவைத்தார். மற்றொரு நாள் மாரய்யா வழக்கத்தைவிட அதிகமான அரிசியைக் கொண்டு வந்தார்; அன்றைய தேவைக்கு மேற்பட்டது பேராசையில் சேரும் என்று லக்கம்மா அதை ஏற்க மறுத்து, எடுத்த இடத்திலேயே கொட்டிவிட்டு வரச் செய்தார். முதல் நிகழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டால் அவர் கண்டிப்பான மேலாளர் போலத் தோன்றுவார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அவர் காத்துநின்றது அளவை என்பது விளங்கும். இனிமையான பேச்சும் அளவு மீறலாம், வருவாயும் அளவு மீறலாம். இரண்டும் நாளை விழுங்கிவிடக்கூடியவை. அளவுக்கு மேல் வந்த அரிசியை வீட்டுக்குள் அனுமதித்தால் நாளைக்கு இன்னும் கொஞ்சம் என்ற எண்ணமும் உடன் நுழையும், பிறகு மாரய்யா எந்த நாளிலும் முழுமையாக வீடு திரும்ப மாட்டார் என்பதை லக்கம்மா அறிந்திருக்க வேண்டும்.

அந்த அளவு எதன் பொருட்டு என்பதற்கு விடை ‘தாசோகம்’ என்னும் இரண்டாவது கருத்து. உழைத்து ஈட்டியதைத் தனதென்று கொள்ளாமல், அடியாருக்குத் தொண்டனாக நின்று பகிர்ந்தளிப்பது தாசோகம். வீரசைவ நூல்கள் அதை மூன்றாகப் பிரிக்கின்றன: உடலைக் குருவுக்கும், மனத்தை இலிங்கத்துக்கும், பொருளை ஜங்கமருக்கும் அளித்தல். காயகமும் தாசோகமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. உழைக்காமல் பகிர்பவர் பிறர் உழைப்பைப் பகிர்கிறார். பகிராமல் உழைப்பவர் வழிபாட்டைத் தொடங்கிவிட்டு முடிக்காமல் விட்டவராகிறார். இந்தப் பின்னணியில் மாரய்யாவின் கடுமைக்கும் வேறு பொருள் கிடைக்கிறது. குருவும் ஜங்கமரும் மேலிடத்தில் இருந்துகொண்டு உழைப்பாளியின் நேரத்தை உரிமையோடு கேட்கக்கூடிய சமூகத்தில், வேலையில் இருப்பவரை எவரும் எழுப்பி வணங்கச் சொல்ல முடியாது என்பது உழைப்பாளியின் தன்மானத்தைக் காக்கும் சொல். மாலையில் அதே ஜங்கமர் மாரய்யாவின் வீட்டுப் பந்தியில்தான் உட்காரப் போகிறார்.

பெங்களூரின் இன்றைய உழைப்பறம் காயகத்தை எடுத்துக்கொண்டு தாசோகத்தைப் பொருள் ஒன்றோடு நிறுத்திக்கொண்டது. நகரின் பெருநிறுவனங்கள் அறக்கட்டளைகளுக்கு வழங்கும் தொகை சிறிதன்று. அதைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. எனினும் உடலும் மனமும் ஓரிடத்தில் ஒருவர் முன் இருப்பது என்னும் கொடையைப் பணத்தால் ஈடுசெய்ய முடியாது என்பதாலேயே பழைய நூல்கள் மூன்றையும் தனித்தனியாக எண்ணின.

வீரசைவர் ‘புராதனர்’ என்று போற்றும் பழைய அடியார்கள் தமிழ்நாட்டின் அறுபத்து மூன்று நாயன்மார்களே. ஏறத்தாழப் பசவண்ணரின் நூற்றாண்டிலேயே சோழ நாட்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில், இளையான்குடி மாறனார் என்னும் வேளாளர் லக்கம்மாவுக்கு எதிர்த்திசையில் செல்வது போலத் தோன்றும். அடியார்க்கு அமுதளித்தே செல்வம் கரைந்துபோன அவருடைய வீட்டுக்கு, மழை கொட்டும் நள்ளிரவில் நனைந்தபடி ஓர் அடியார் வந்து சேர்கிறார். வீட்டில் ஒரு பிடி அரிசியும் இல்லை. அன்று பகலில் வயலில் விதைத்த நெல் முளைத்திருக்கும், அதை வாரிவந்தால் சமைக்கலாம் என்று மனைவி சொல்ல, மாறனார் பெரிய கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இருட்டில் காலால் தடவித் தடவி வயலுக்குச் செல்கிறார். மிதந்துவந்த முளைநெல்லை வாரிக்கொண்டு திரும்புகிறார். வாசலில் காத்திருந்த மனைவி அதன் சேற்றை அலசி எடுத்து, விறகு இல்லையே என்கிறார். கூரையின் வரிச்சுகள் அறுத்து இழுக்கப்படுகின்றன. ஈரநெல் வறுபட்டுக் குத்தப்பட்டுச் சோறாகிறது. கொல்லைக்குழியில் வளர்ந்தும் வளராமலும் இருந்த பயிர் கறியாகிறது. நாளைய விளைச்சலும் தலைக்கு மேலிருந்த கூரையும் ஒரு வேளைச் சோற்றுக்குள் போய்விடுகின்றன.

லக்கம்மா மிகுதியை மறுக்கிறார், மாறனார் நாளைக்கு உரியதையே அழிக்கிறார். இருவரும் சந்திக்கும் இடம், இன்றைய மனிதரின் முன்னிலையை நாளைய கணக்கு வெல்ல விடுவதில்லை என்பது. இக்கதையை அப்படியே வாழ்க்கைநெறியாக்க முடியாது என்பதைச் சொல்லியாக வேண்டும். மனைவியின் உழைப்பு இல்லாமல் அந்த விருந்தோம்பல் நடந்திருக்காது, பசியோடு பயிருக்காகக் காத்திருக்கும் குழந்தைகள் அவ்வீட்டில் இருந்திருந்தால் வாசகர் அதே கதையை வேறு கண்ணோடு படிப்பார். புராணம் எல்லையைக் காட்டுவதற்காக மிகைப்படுத்துகிறது. அது காட்டும் எல்லை வருமாறு: வந்தவருக்கு உகந்த நேரத்தைக் குறித்துக்கொடுக்கும் உரிமை வீட்டுக்காரருக்கு இல்லை. முன்கூட்டித் தெரிவிக்காமல் ஒருவர் கதவைத் தட்டினால் திடுக்கிடும் வழக்கம், தட்டுவதற்கு முன் குறுஞ்செய்தி அனுப்புவதே பண்பு என்னும் உணர்வு, தொலைபேசியில் அழைப்பதற்கும் அனுமதி கேட்கும் தயக்கம் ஆகிய மூன்றும் ஒரே தலைமுறைக்குள் பெங்களூரில் நிலைபெற்றுவிட்டன; சென்னையும் கோவையும் பின்னால் வந்துகொண்டிருக்கின்றன. இவை நாகரிகமானவைதாம். ஆயினும் எதிர்பாராமல் வருவதற்கு இடமே இல்லாத உறவு, ஒவ்வொரு சந்திப்பையும் ஒத்திவைக்கத்தக்கதாக மாற்றிவிடுகிறது. ஒத்திவைக்க முடிந்த எதுவும், வேலை அழைக்கும்போது ஒத்திவைக்கப்படும்.

கூடுதல் ஏன் வேண்டும் என்னும் கேள்விக்குச் சைவ சித்தாந்தம் தரும் விடை தனித்துவமானது. 13 ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களால் ஆனது. இறைவன் உண்டு என்று நிறுவுவதில் தொடங்கி, உயிரைப் பற்றியிருக்கும் ‘மலம்’ என்னும் அழுக்கு நீங்கி அது இறைவனோடு ஒன்றுவது வரை வாதம் படிப்படியாகச் செல்கிறது. வீடுபேற்றோடு நூல் முடிந்திருக்கலாம். ஆனால் இறுதிச் சூத்திரம், மலம் கழுவப்பெற்ற ஞானி அன்பரோடு கூடியிருக்க வேண்டும், அவர்களுடைய திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே வணங்க வேண்டும் என்கிறது. அன்பில்லாதவரோடு கொள்ளும் சேர்க்கை மறுபடியும் மறதியை உண்டாக்கும் என்பது காரணமாகக் காட்டப்படுகிறது. மனிதர் கூட்டம் மேலே ஏறுவதற்கான படி மட்டுமாக இருந்தால், ஏறிய பிறகு அது தேவைப்படாது. மெய்கண்டார் அதைப் பயணத்தின் முடிவிலும் வைத்ததால், பிறரோடு இருத்தல் எதற்கான கருவியும் ஆகாமல் தானே ஒரு பேறாகிறது. மனநலத்துக்கு நல்லது, ஆயுளைக் கூட்டும், அலுவலகத் திறனை உயர்த்தும் என்று நட்பைப் பரிந்துரைக்கும் இன்றைய பேச்சிலிருந்து இந்நிலைப்பாடு வெகுதூரம் விலகி நிற்கிறது. பிரிட்டன் 2018 இல் தனிமைக்கென ஓர் அமைச்சரை நியமித்ததும், உலக சுகாதார நிறுவனம் 2023 இல் சமூகத் தொடர்புக்கென ஓர் ஆணையத்தை அமைத்ததும் பயனுள்ள செயல்களே. அவை நட்பை மருந்தாகக் கருதுகின்றன, மருந்தை உடல் தேறியதும் நிறுத்திவிடுவது வழக்கம். தனித்திருத்தலை வலியுறுத்திய வள்ளலாரும், 1867 மே 23 அன்று வடலூரில் பசித்தவர்க்கு உணவளிக்கும் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அங்கே அணையாத அடுப்பை மூட்டினார் என்பதை இதனோடு சேர்த்து எண்ணலாம்.

தனியொருவரின் உறுதியால் மட்டும் இத்தகைய கூடுதல் நிலைப்பதில்லை என்பதைச் சமயங்கள் அறிந்திருந்தன. அதனால் அவை பொழுதையே பொதுவாக்கின. பெங்களூரில் இதற்குச் சிறந்த சான்று கரகத் திருவிழா. தமிழ் வேர் கொண்டவர்களாகக் கருதப்படும் திகளர் என்னும் தோட்டக்காரச் சமூகத்தார், திகளர்பேட்டையிலுள்ள தர்மராய சுவாமி கோயிலை மையமாகக் கொண்டு திரௌபதிக்கு எடுக்கும் விழா அது. சித்திரைப் பௌர்ணமி இரவில், பெண்ணுடை தரித்த பூசாரி மல்லிகை சூட்டிய கரகத்தைக் கையால் தொடாமல் தலையில் தாங்கிவர, வாளேந்திய வீரகுமாரர்கள் சூழ்ந்து செல்ல, ஊர்வலம் பழைய பேட்டைத் தெருக்கள் வழியே விடியும்வரை நடக்கிறது. காட்டன்பேட்டையில் தவக்கல் மஸ்தான் தர்காவிலும் அது நின்று செல்வது வழக்கம். சமூகவியல் ஆய்வாளர் ஸ்மிருதி சீனிவாஸ் 2001 இல் வெளியிட்ட நூலில் காட்டியதுபோல, இவ்விழா நகரின் மறைந்துபோன ஏரிகளையும் தோட்டங்களையும் நினைவில் வைத்திருக்கிறது: சடங்கோடு தொடர்புடைய சம்பங்கி ஏரியின் பெரும்பகுதி இன்று கண்டீரவா விளையாட்டரங்கம், எஞ்சியிருப்பது அதன் அருகே ஒரு சிறு குளம். நிலவு முழுமையடையும் இரவை எவரும் தம் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ள முடியாது என்பதே இவ்விழாவின் வலிமை. பங்கேற்போர் நேரம் ஒதுக்கி வருவதில்லை. இரவு வந்துவிட்டது, அதனால் வருகிறார்கள். காணொளிகளும் பதிவுகளும் எந்த நேரத்திலும் பார்க்கத்தக்கவையாக இருக்க, ஒவ்வொருவரும் தத்தம் வேளையில் தனித்தனியே எதையோ பார்க்கும் வாழ்க்கையில் முதலில் அழிந்தது உரையாடல் அன்று. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வாக இருந்த அந்தப் பொழுதுதான் முதலில் போயிற்று.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதைச் சுற்றிக்கொண்டு போவது நேர்மையாகாது. பொதுவான பொழுதும் பொதுவான இடமும் எல்லாருக்கும் பொதுவாக இருந்ததில்லை. கோயில் முற்றத்தில் எவர் நிற்கலாம், பந்தியில் எவர் யாருக்குப் பக்கத்தில் உட்காரலாம், கூட்டத்தில் எந்தப் பெண் வாய் திறக்கலாம் என்பதையெல்லாம் சாதியும் குடும்பமும் தீர்மானித்தன. சிற்றூரின் நெருக்கம் என்று ஏக்கத்தோடு பேசப்படுவதில் பாதி, ஒருவரையொருவர் கண்காணித்த நெருக்கம். சொந்த ஊரில் தெருப்பெயரைச் சொன்னாலே சாதி வெளிப்பட்டுவிடும் இளைஞருக்கும், விரும்பியவரைப் பற்றி வீட்டில் பேச முடியாத பெண்ணுக்கும், முகமறியாத பெருநகரும் கையிலுள்ள திரையும் மூச்சுவிடும் இடத்தைத் தந்தன. அம்பேத்கர் 1936 இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, ஏற்பாட்டாளர்களால் தடைப்பட்டு, பிறகு நூலாக வெளியிட்ட ‘சாதியை அழித்தொழித்தல்’ உரையில், நல்ல சமூகத்தில் பலதரப்பட்ட, தடையற்ற தொடர்பு வழிகள் இருக்க வேண்டும் என்றும், ஒரு பகுதியில் நிகழ்வது மற்றப் பகுதிகளுக்கும் ஊடுருவிப் பரவ வேண்டும் என்றும் வாதிட்டார். கொலம்பியாவில் அவருடைய ஆசிரியராக இருந்த ஜான் டூயியின் செல்வாக்கு இதில் தெளிவாகத் தெரியும். அந்த அளவுகோலின்படி, தம்மவரோடு மட்டும் கூடுவது எத்தனை அன்பானதாக இருந்தாலும் குறையுடையது. கல்யாணத்துச் சரணர்கள் இதற்கு விலை கொடுத்தே தெரிந்துகொண்டனர்: பிராமணராகப் பிறந்த மதுவரசரின் குடும்பத்துக்கும் செருப்புத் தைக்கும் ஹரளய்யாவின் குடும்பத்துக்கும் நடந்த திருமண உறவே அந்நகரின் கலகத்துக்கும் இயக்கத்தின் சிதறலுக்கும் வழிவகுத்தது என்று மரபு கூறுகிறது. ஆகவே பழைய கூடுதலை மீட்டெடுப்பது என்பது முழுமையான விடையாகாது. பழைய வடிவங்களில் அளவும் பொதுப்பொழுதும் இருந்தன. கதவு எல்லாருக்கும் திறந்திருந்ததில்லை.

இன்றைய பெங்களூர் தன் போக்கில் சில விடைகளைத் தேடிக்கொண்டிருக்கிறது. நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2014 இல், தொழில்நுட்பத்தை அளவோடு பயன்படுத்தப் பயிற்றுவிக்கும் ‘ஷட்’ சிகிச்சையகத்தைத் தொடங்கியது. இந்தியாவில் அத்தகைய முதல் முயற்சிகளில் அதுவும் ஒன்று. சில ஆண்டுகளாகச் சனிக்கிழமைக் காலைகளில் கப்பன் பூங்கா மரநிழலில் ‘கப்பன் ரீட்ஸ்’ என்னும் பெயரில் மக்கள் பாய் விரித்து, எவரோடும் அறிமுகம் செய்துகொள்ளாமல், மணிக்கணக்கில் மௌனமாகப் புத்தகம் படிக்கிறார்கள். இவ்வழக்கம் வேறு பல நகரங்களுக்கும் பரவியது. இதை நகைப்போர் உண்டு: பேசாமல் இருப்பதற்கு எதற்குக் கூட வேண்டும்? ஆனால் ஒரே பொழுதை, ஒரே நிழலை, எவரிடமும் எதையும் எதிர்பார்க்காமல் பகிர்ந்துகொள்வது, சாதியும் சம்பளமும் கேட்கப்படாத ஒரு கூடுதல் என்ற அளவில் அனுபவ மண்டபத்தின் தொலைவான உறவினர் என்றே சொல்லத் தோன்றுகிறது. 1983 இல் ஜயநகரில் பிறந்த ‘தர்சினி’ வகை உணவகம் அவசர வாழ்க்கைக்கென்றே உருவானது. நாற்காலி கிடையாது, நின்றபடி உண்டுவிட்டு நகர வேண்டும். அங்கேயே ‘பை டூ’ என்னும் வழக்கமும் நீடிக்கிறது: ஒரு காபிக்குப் பணம் கட்டி, ‘பை டூ’ என்று சொன்னால், காபி போடுபவர் அதை இரண்டு சிறு கோப்பைகளில் ஊற்றி நகர்த்துவார், நிற்பதற்கான உயர்மேசையில் இருவர் முழங்கையை ஊன்றிக்கொள்வார்கள். பாதிக் காபிக்கு ஆகும் நேரம் மிகக் குறைவு. ஆனால் ஒருவர் மட்டும் ‘பை டூ’ வாங்க முடியாது.

தத்துவஞானி மார்ட்டின் பூபர் 1923 இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட ‘நானும் நீயும்’ என்னும் நூலில், மனிதர் உலகை நோக்கி நிற்கும் முறை இரண்டு என்றார்: எதிரே இருப்பதைப் பயன்கொள்ளும் பொருளாகக் காணுதல், அதை ‘நீ’ என்று விளித்து முழுமையாக எதிர்கொள்ளுதல். இரண்டாவதைத் திட்டமிட்டு வரவழைக்க முடியாது, தேடிப் பெறவும் முடியாது, அருளாக வாய்க்கும் என்பது அவர் கருத்து. 2024 இல் பெங்களூரில் பரவிய ஒரு செய்தி இதைச் சோதிக்கிறது. நன்கு சம்பாதிக்கும் மென்பொருள் பொறியாளர் ஒருவர், வார இறுதிகளில் தனிமையைப் போக்கிக்கொள்வதற்காகக் கோரமங்களாப் பகுதியில் ஆட்டோ ஓட்டுகிறார் என்பதே அச்செய்தி. பலர் நெகிழ்ந்தனர், சிலர் கிண்டல் செய்தனர். அந்தப் பகுதியில் அதே வார இறுதியில் ஆட்டோ ஓட்டும் பிறருக்கு அது தனிமைக்கு மருந்தன்று, வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்குமான வருமானம். மனித முகத்தைத் தேடி ஒருவர் இறங்கி வந்த அதே இருக்கையிலிருந்து, தம் வீட்டு முகங்களைக் காண எழுந்து போக முடியாமல் மற்றொருவர் அமர்ந்திருக்கிறார்.

பொழுது யாருடையது என்னும் கேள்வி இங்கேதான் கூர்மையடைகிறது. இளையான்குடியில் நள்ளிரவு மழையில் வாசலுக்கு வந்தவர் பசியோடு வந்தார்; பெங்களூர் அடுக்ககத்தின் வாசலுக்கு இன்று மழையில் நனைந்து வருபவர் உணவைக் கொண்டு வருகிறார். சில அடுக்ககங்களில் அவர் சரக்கு மின்தூக்கியில்தான் ஏறி வர வேண்டும். பொட்டலத்தைக் கதவருகே வைத்துவிட்டுப் போகலாம் என்ற குறிப்பு ஏற்கெனவே அவருடைய கைபேசிக்கு வந்திருக்கும். கதவு திறந்தாலும் அவரால் நிற்க முடியாது, அடுத்த வீட்டுக்கான நிமிடங்கள் கரைந்துகொண்டிருக்கும். அவரை நிறுத்தி நலம் விசாரிக்க விரும்பும் வீட்டுக்காரரின் நல்லெண்ணம்கூட அவருக்குச் சுமையாகலாம், ஏனெனில் அவர் தம் காயகத்தில் இருக்கிறார். வேலையில் இருப்பவரை எவரும் நிறுத்தக்கூடாது என்ற மாரய்யாவின் சொல் அவருக்கே முதலில் பொருந்தும். ஆனால் மாரய்யாவுக்கு இருந்த ஒன்று அவருக்கு இல்லை. இன்றைக்கு இது போதும் என்று அரிசியை அளந்து நிறுத்தும் உரிமை மாரய்யாவின் வீட்டில், லக்கம்மாவின் கையில் இருந்தது. பொட்டலம் கொண்டு வருபவருடைய நாளின் அளவை வகுப்பது வேறெங்கோ இயங்கும் நிரல். கர்நாடக அரசு 2025 இல் செயலிவழித் தொழிலாளருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றி, அவர்களுக்கு வழங்கப்படும் தொகையில் 1 முதல் 5 விழுக்காடு வரை நலநிதிக்கு நிறுவனங்கள் செலுத்த வகைசெய்தது. பழைய நூல்களின் மொழியில் இது பொருளால் செய்யும் தாசோகத்தைச் சட்டம் கையில் எடுத்துக்கொண்டது என்றாகும். அந்தத் தொழிலாளி தம் வீட்டாரோடு ஒரே வேளையில் உட்கார்ந்து உண்ணும் பொழுதை எந்த விழுக்காட்டில் சேர்ப்பது என்பது இன்னும் எவருடைய கணக்கிலும் வரவில்லை; நேரம் ஒதுக்குவது பற்றிய அறிவுரைகள், அப்படி ஒதுக்க வேண்டிய அவசியத்தையே உணராத நிம்மதியில், பத்து நிமிடத்தில் வந்து சேரும் அந்தச் சாப்பாட்டை உண்டுகொண்டே படிக்கப்படுகின்றன.